மாடிப்படி ஏறின ஆட்டம்

ஏ மருமவளே, நீ வாசிச்சுக் காட்டின அந்த நோட்டீஸை இப்படிக் கொண்டா. கண்ணாடி எங்கே? நெத்தியிலதான் கெடக்கா, சரி. "பரதம், வெஸ்டர்ன், ஹிப் ஹாப், சல்சா, ஜும்பா, ஃபோக், ஃப்யூஷன், செமி கிளாசிக்கல், ஃப்ரீ ஸ்டைல். 4 வயசு முதல் 40 வயசு வரை." நாப்பதோட நிறுத்திட்டாகளே பாவிக! நாப்பத்தொண்ணுல முட்டி கழண்டு விழுந்துருமாக்கும். கோயம்புத்தூர்ப் பக்கம் பத்ரப்பன்னு ஒரு பெரியவரு, வள்ளி ஒயில் கும்மி சொல்லிக் கொடுக்கிறவரு. 87 வயசுல பத்மஸ்ரீ அறிவிச்சாக, 2024ல. அவரு இந்தப் படியேறி வந்தா, "தாத்தா, வயசு கூடிப்போச்சு"ன்னு வழியனுப்பி வச்சிருவாக.

சின்னவளை எதுல சேக்கலாம்னு, கம்மாக்கரையே கதின்னு கெடக்கிற கெழவன்கிட்ட வந்து கேக்கே பாரு, அந்த மரியாதைக்காகவே நல்ல யோசனையாச் சொல்லணும். எல்லாத்துலயும் சேத்து விட்டுரு. திங்கக்கிழமை பரதம், செவ்வா ஹிப் ஹாப், புதன் சல்சா. வெள்ளிக்கிழமை கீபோர்டுங்கே, அதையும் விட்டுராதே. ஞாயித்துக்கிழமை ஒரு நாள் புள்ளை சும்மா இருக்கட்டும், அதுவும் அபாகஸ் வாத்தியாரு கல்யாணங் காச்சின்னு வெளியூரு போயிருந்தா. ஆண்டு விழாவுல மேடையேத்தி ஒரு ஷீல்டு கொடுத்துருவாக. அதுதான் முக்கியம். ஆட்டம் இன்னைக்கு ஆடி நாளைக்கு மறந்துபோவும், ஷீல்டு டி.வி. பெட்டிக்குப் பக்கத்துல காலாகாலத்துக்கும் நிக்கும். ஒங்க வீட்டுல ஏற்கெனவே மூணு நிக்கே, எதுக்குக் கொடுத்ததுன்னு ஒனக்காவது நெனப்பிருக்கா?

மொறைக்காதே தாயீ. நீ கேக்கிறதுக்கு முன்னாலயே நான் போய்ப் பாத்துட்டேன். கோவில்பட்டிக்கு உரம் வாங்கப் போனவன், பஸ்ஸுக்கு நேரங் கெடந்துச்சு, சத்தம் கேட்டு மேல ஏறினேன். கீழ நகை அடகுக் கடை, பக்கத்துல செல்போன் ரிப்பேரு. படி பூரா செருப்பு. மேல ஒரே ஹாலு, ஒரு பக்கச் சொவரு முச்சூடும் கண்ணாடி. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்னு பழமொழி சொல்லுவமே, அங்கே நெசமாவே கூடம் கோணல்தான். நட்ட நடுவுல ஒரு தூணு. கல்யாண மண்டபத்துக்குக் கட்ட ஆரம்பிச்சுப் பாதியில புத்தி மாறியிருப்பாக போல. முன்வரிசைப் புள்ளைக கண்ணாடியைப் பாத்து ஆடுதுக. தூணுக்குப் பின்னால நிக்கிறதுகளுக்குத் தூணுதான் தெரியுது. அதுல ஒரு குட்டி, மஞ்ச சொக்கா, ஆறு வயசிருக்கும், தூணைக் கட்டிப் பிடிச்சுச் சுத்திச் சுத்தி வந்து தனியா ஒரு ஆட்டம் ஆடிக்கிட்டிருந்தா. மாஸ்டருக்கும் தெரியாது, கண்ணாடிக்கும் தெரியாது. அந்த ஹாலுலயே நல்லா ஆடினது அவதான். அவ அம்மா வெளிய பெஞ்சுல உக்காந்து ஃபீஸ் ரசீதை மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டிருந்தா.

சேக்கணும்னு முடிவு பண்ணிட்டா மொதல்ல தரையைப் பாரு. யாரும் பாக்க மாட்டாக, கண்ணாடியையும் ஏ.சி.யையும்தான் பாப்பாக. தரை வழவழன்னு டைல்ஸு. பரதத்துல அடவுக்கு அடவு காலை ஓங்கி மிதிக்கணும். மண்ணுன்னா மிதியை வாங்கிக்கிடும். மரப்பலகைன்னா கொஞ்சம் எடங் கொடுக்கும். காரை மேல ஒட்டின டைல்ஸு ஒண்ணையும் வாங்கி வச்சுக்கிடாது, வந்த மிதியை அந்தானைக்கு முட்டிக்கே திருப்பி அனுப்பிவிடும். பெரிய பெரிய ஆட்டக்காரவுக முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கிறதுல தரைக்கும் பங்குண்டு. "தரைக்கு மேல ஏதாவது விரிப்பீகளா"ன்னு மாஸ்டர்கிட்டக் கேளு. அவரு ஒன்னை மேலுங் கீழும் பாப்பாரு. பாக்கட்டும்.

மாஸ்டரு நல்ல பையன்தான், கொறை சொல்லப்படாது. தலைமுடிக்கு மட்டும் மூணு நெறம் பூசியிருக்காரு. ஆட்டம் தொடங்கணும்னா, "ஃபைவ், சிக்ஸ், செவன், எயிட்"ங்காரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலை எங்கே விட்டாருன்னு எனக்குச் சமுசயம். ஃபீஸுல கழிச்சுக்கிட்டாரோன்னு பக்கத்துல நின்ன பையன்கிட்டக் கேட்டேன். அவன் வெவரமாச் சொன்னான். அவுகளுக்கும் கணக்கு எட்டுதானாம். பாதிக் கணக்கைச் சொல்லி உசார்ப்படுத்திட்டு, அடுத்த ஒண்ணுல காலைத் தூக்கணும். அட, நம்ம ஆதி தாளத்துக்கும் எட்டுதானய்யா, லகுவுக்கு நாலு, ரெண்டு திருதத்துக்கு நாலுன்னேன். அவனுக்கு அது தெரியல. எனக்கு இது தெரியல. சரிக்குச் சரியாப் போச்சு.

சல்சாவுலயும் எட்டுதான், ஆனா அதுல ஒரு சூட்சுமம். ஒண்ணு ரெண்டு மூணுக்குக் கால் போவும், நாலுல சும்மா நிக்கும். அஞ்சு ஆறு ஏழுக்குப் போவும், எட்டுல சும்மா நிக்கும். அந்தச் சும்மா நிக்கிறதுதான் கஷ்டமாம். கியூபாக்காரன் தாளத்தை நியூயார்க்குல பிழைக்கப் போன சனங்க எடுத்து வளத்த ஆட்டம் அது. நம்ம ஆளுக அதைக் கத்துக்கிட வேண்டாங்கலே. ஆனா ஜோடியா வரணும்னு நோட்டீஸுல போட்டிருக்கு. மாப்ளையைக் கூட்டிட்டுப் போறியா? கல்யாணத்தன்னைக்கு மணவறையில ஒன் கையைப் பிடிச்சவரு, அதுக்கப்புறம் பஜார்ல ரோடு தாண்டும்போது பிடிச்சிருக்காரா? அவரு முன்னால பத்தடி போறாரு, நீ பின்னால பையைத் தூக்கிட்டுப் போறே. அதுவும் ஒரு தாளத்துலதான் இருக்கு, ஃபீஸு கெடையாது.

பரதத்துக்கு வருவோம். ஒன் மனசு அதுலதான் இருக்குன்னு எனக்குத் தெரியும், மத்ததெல்லாம் சும்மா வாசிச்சுக் காட்டினே. சாயங்காலம் மாஸ்டரு போன பெறகு ஒரு டீச்சரு வந்தா. இருவத்தஞ்சு வயசுக்குள்ளதான். தரையில சம்மணம் போட்டுத் தட்டுமனையை முன்னால வச்சு, தட்டுக்கழியால 'தெய்யா தெய்'யின்னு தட்ட ஆரம்பிச்சா. இருவது புள்ளைக அரைமண்டியில நிக்குதுக. நிக்குதுகன்னு பேரு, ஒவ்வொண்ணா மெல்ல மேல எழும்புது. டீச்சரு கழியைக் கீழ வச்சா. எந்திரிச்சுப் போயி ஒவ்வொரு புள்ளை முட்டியையும் ரெண்டு கையால பிடிச்சு வெளிப்பக்கமாத் திருப்பி, முதுகை நிமித்தி, இடுப்புல கையை வச்சு உக்காத்தி வச்சா. கடைசிப் புள்ளைகிட்ட வாரதுக்குள்ள மொதப் புள்ளை எழும்பிருச்சு. மறுபடி மொதல்ல இருந்து. ஒரு மணி நேரம் அதே தட்டடவு. ஒண்ணாங்காலம், ரெண்டாங்காலம், மூணாங்காலம். வெளிய பெஞ்சுல ஒரு தாய்க்காரி, "ஆறு மாசமா இதையேதான் தட்டுறாக, எப்போ பாட்டுக்கு ஆட விடுவாக"ன்னு சலிச்சுக்கிட்டா. ஏ தாயீ, புள்ளையைச் சேத்தா அந்த டீச்சர்கிட்டச் சேத்து விடு. அதுக்கு முன்னால மாஸ்டரு வகுப்புல, அவரு பாட்டுக்கு முக்காலியில செல்போனை நிறுத்தி, கண்ணாடியைப் பாத்துத் தன்னைத்தானே படம் பிடிச்சுக்கிட்டிருந்தாரு. புள்ளைக பின்னால பாத்துப் பாத்து ஆடுச்சு. கண்ணாடியைப் பாக்கிற வாத்தியாருக்குக் கண்ணாடியில யாரு தெரிவா?

இந்தப் பரதம் அந்த மாடிக்கு ஏறி வந்த கதை ஒனக்குத் தெரியணும், இல்லன்னா ஒசந்த சரக்குன்னு நெனச்சுக்கிட்டுத் தெருவுல தலையைத் தூக்கிட்டு நடப்பே. சதிருன்னு சொல்லிக்கிட்டிருந்த ஆட்டம் இது. தஞ்சாவூர்ல ரெண்டாம் சரபோஜி காலத்தை ஒட்டி சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலுன்னு அண்ணந்தம்பி நாலு பேரு. அலாரிப்புல தொடங்கித் தில்லானாவுல முடியிற இந்தக் கச்சேரி வரிசை அவுக ஒழுங்கு பண்ணினது. ஆடினவுக தேவதாசி வீட்டுப் பொம்பளைக, ஆட்டுவிச்சவுக நட்டுவனார் வீட்டு ஆம்பளைக. பெறகு, ஆட்டமே கேவலம், ஒழிக்கணும்னு ஒரு கூட்டம் கெளம்புச்சு. இல்ல, கலையைக் காப்பாத்தணும்னு வக்கீல் ஈ. கிருஷ்ண ஐயர் எதிர்த்து நின்னாரு. வக்கீலு சும்மா வாதாடல, பொம்பளை வேசங் கட்டித் தானே ஆடிக் காட்டினாரு. 1931ல மெட்ராசு மியூசிக் அகாடமி மேடையில கல்யாணியம்மா பொண்ணுக ரெண்டு பேரை ஆட வச்சாக. 1935 டிசம்பர்ல அடையாறுல ருக்மிணி தேவி ஆடினாக. சொல்லிக் கொடுத்தது பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அடுத்த வருசம் அவுக பள்ளிக்கூடம் கலாசேத்திரா வந்துச்சு. 1947ல பொட்டுக் கட்டக் கூடாதுன்னு சட்டமும் வந்துச்சு. முத்துலட்சுமி ரெட்டி அம்மா பாடுபட்டு வந்த சட்டம், புள்ளைகளைக் காப்பாத்தின சட்டம், அதுல எனக்கு மறுபேச்சே கெடையாது.

ஆனா நடுவுல ஒரு சோலி நடந்துச்சு பாரு. ஆட்டத்தை மட்டும் பையக் கழட்டி நடுவீட்டுக்குள்ள கொண்டு போயிட்டு, ஆடினவுகளைத் திண்ணையோட நிறுத்திட்டோம். எவ வீட்டுச் சொத்தோ அவ பேரைச் சொல்லவே வெக்கப்பட்டோம். தப்பிச்சு மேல வந்தவுக கொஞ்சப் பேரு. பாலசரசுவதி அந்த வீட்டுப் பொண்ணு. அந்த அம்மா உக்காந்த எடத்துல இருந்து மொகத்தாலயே ஒரு பதத்துக்கு அபிநயம் பிடிச்சா போதும்னு சொல்லுவாக. சத்யஜித் ரே வங்காளத்துல இருந்து வந்து படம் எடுத்தாரு, 1976ல. இப்போ மாசம் 1,000 ரூவா கட்டி ஒன் மக அதைக் கத்துக்கிடப் போறா. நல்லதுதான். மெத்தைக்கு ஏறிப் போன கதை மட்டும் தெரிஞ்சிருக்கட்டும்.

'என்ன பாணி'ன்னு டீச்சரைக் கேக்கணும்னு பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாமே. கேளு. பந்தநல்லூரு, வழுவூரு, கலாசேத்திரான்னு ஏதாவது சொல்லுவாக. "அப்படிங்களா, நல்ல பாணிங்க"ன்னு தலையாட்டிட்டு வந்துரு. அதைவிட, "ஒங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது, எத்தனை வருசம்"னு கேளு. தன் வாத்தியாரு பேரைச் சொல்லும்போது கை தன்னால காதுக்கோ நெஞ்சுக்கோ போச்சுன்னா சேத்து விட்டுரு. யூடியூப்னு பதில் வந்தா, நீயே வீட்டுல பாத்துக்கிடலாம், பஸ் காசு மிச்சம்.

அரங்கேற்றம் பத்தி இப்பவே கனவு காணாதே. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானான்னு ஒரு புள்ளை தனியா நின்னு ரெண்டு மணி நேரத்துக்குக் கொறையாம ஆடணும். வர்ணம் ஒண்ணே அரை மணி, முக்கால் மணி இழுக்கும். அதுக்குத் தெம்பு வரணும்னா வருசங் கணக்கா மிதிக்கணும். இப்போ மூணு வருசத்துலயே ஏத்தி விட்டுருதாக. புள்ளைக்கு அவசரம் இல்ல, பத்திரிகை அடிக்கிற அச்சாபீசுக்காரனுக்கும் மண்டபக்காரனுக்கும்தான் அவசரம். நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின்னு ஆள் ஆளுக்குச் சம்பாவனை, ஒப்பனைக்காரருக்கு, போட்டோகாரருக்கு, அப்புறம் வந்தவுகளுக்குச் சாப்பாடு. மொய் எழுத நோட்டுப் போட முடியாது, அது ஒண்ணுதான் நட்டம். ஆடி முடிச்ச மறுநாளு, பத்தாம் வகுப்புப் பரிச்சை வருதுன்னு சலங்கையைப் பீரோவுல வச்சுப் பூட்டிருவே. அந்தப் பூட்டுக்குத்தான் அத்தனை செலவு.

காசு கம்மியா வேணும்னா வேற வழியும் உண்டு. தூத்துக்குடியிலயும் திருநெல்வேலியிலயும் அரசு இசைப் பள்ளி இருக்கு. பரதம், நாகசுரம், தவில், தேவாரம், மிருதங்கம்னு மூணு வருசப் படிப்பு. 12 வயசு ஆவணும், அதனால பெரியவனுக்கு ஆவும், சின்னவளுக்கு இன்னும் நாள் கெடக்கு. அவளுக்கு ஜவகர் சிறுவர் மன்றம். 5 வயசுல இருந்து 16 வயசு வரை சேக்காக. இதையெல்லாம் நான் போன வருசமே ஒங்கிட்டச் சொன்னேன். "ஃபீஸு ரொம்பக் கம்மியா இருக்கே மாமா, நல்லாச் சொல்லித் தருவாகளா"ன்னு கேட்டே. அன்னைக்கே எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. கத்திரிக்காயைத்தான் கிலோ நாப்பதுன்னா அஞ்சு ரூவா கொறைக்கச் சொல்லிச் சண்டை போடுதே!

பெரியவன் ஹிப் ஹாப் கத்துக்கிடணும்னு ஒத்தக் கால்ல நிக்கானாம். அந்த ஆட்டத்துல அதுவும் ஒரு அடவுதான், தலைகீழா ஒத்தக் கையில நிக்கிறதும் உண்டு. சேத்து விடு. அது என்னமோ பெரிய எடத்து ஆட்டம்னு நெனச்சுராதே. அமெரிக்காவுல நியூயார்க்குல பிராங்ஸ்னு ஏழைபாழைக இருந்த பகுதி. 1973 ஆகஸ்டு 11ஆந் தேதி, ஒரு அடுக்கு வீட்டுல, பள்ளிக்கூடம் தெறக்கப் போவுது, புதுத்துணி எடுக்கணும்னு ஒரு பொண்ணு பார்ட்டி வச்சா. அவ அண்ணன் கூல் ஹெர்க்கு பாட்டுப் போட்டான். பொம்பளைப் புள்ளைகளுக்குக் கால் டாலர், பையங்களுக்கு அரை டாலர் நுழைவுக் கட்டணம். பாட்டுல வாத்தியம் மட்டும் தனியா அடிக்கிற எடம் வரும் பாரு, அதுக்குத்தான் சனம் எகிறி ஆடுதுன்னு அவன் கண்டுபிடிச்சு, ஒரே இசைத்தட்டை ரெண்டு வாங்கி வச்சு மாத்தி மாத்தி அதையே இழுத்து இழுத்துப் போட்டான். அதுல மொளச்சதுதான் இவ்வளவும். நம்ம ஊரு மேளக்காரரு கூட்டம் ஆடுதுன்னு தெரிஞ்சா உருட்டை நிறுத்துவாரா? அங்கேயும் அதான்.

இந்த ஆட்டத்தை 2024ல பாரிஸ் ஒலிம்பிக்ஸுலயே வச்சாக. ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த ஒரு அம்மா, காலேஜுல பாடம் எடுக்கிறவுக, கங்காரு துள்ளின மாதிரி துள்ளி ஆடினாக. ஒரு நடுவரு கூட அவுகளுக்கு ஓட்டுப் போடல. ஒலகமே செல்போனை வச்சுக்கிட்டுச் சிரிச்சுச்சு. 36 வயசுல அத்தனை பேரு முன்னால ஒரு பொம்பளை துள்ளினாளேன்னு நான் கையைத் தட்டினேன். அடுத்த ஒலிம்பிக்ஸுல அந்தப் போட்டியே கெடையாது. ஆனா ஒங்க ஸ்டூடியோ வாசல்ல 'ஒலிம்பிக் ஆட்டம் கற்றுத் தரப்படும்'னு போர்டு இன்னும் தொங்குது. ஒலிம்பிக்ஸுக்கு இல்லாத பொறுமை கோவில்பட்டிக்கு இருக்கு.

மாப்ளை என்ன சொல்லுதாரு? ஆம்பளைப் பய ஆடினா ஒரு மாதிரி ஆயிருவான்னு பயப்படுதாராமே? அவருகிட்ட நான் சொன்னதாச் சொல்லு. பிரபுதேவா படத்துக்கு விசில் அடிக்க மட்டும் மொத ஆளா டிக்கெட் எடுத்தவரு அவரு. அந்தப் பிரபுதேவாவும் பரதம் கத்துக்கிட்ட ஆளுதான், டான்ஸ் மாஸ்டரு மகன். ஒயிலாட்டத்துல கைக்குட்டையும் சலங்கையுமா வரிசை கட்டி ஆடினது பூரா ஆம்பளைகதானே, நானும் ஆடியிருக்கேன், எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு? மதுரையில பொறந்த நர்த்தகி நடராஜ், ஆம்பளைப் புள்ளையாப் பொறந்து பொம்பளையா வாழ்ற அம்மா. வீட்டுல ஏத்துக்கிடல. வெளிய வந்து, தஞ்சாவூரு நாலு பேரு வம்சத்துல வந்த கிட்டப்பா பிள்ளைகிட்ட வருசக்கணக்காக் கெடந்து கத்துக்கிட்டாக. 2019ல பத்மஸ்ரீ. 'ஒரு மாதிரி' ஆனதுல இப்படியும் உண்டுன்னு சொல்லு. அப்பவும் மொகத்தைச் சுளிச்சாருன்னா, கொத்துபுரோட்டா வாங்கிக் கொடுத்து ஆறப் போடு.

இனிமேதான் எனக்குச் சிரிப்பாணி தாங்கல. 'ஃபோக்'னு போட்டிருக்கே, அதுக்குள்ள என்ன என்னன்னு மாஸ்டர்கிட்டக் கேட்டேன். "கரகம், காவடி, ஒயில், தேவராட்டம், பறை. எட்டு கிளாஸ் பேக்கேஜ் தாத்தா"ன்னாரு. எட்டு நாளு! கரகாட்டக்காரி செம்புக்குள்ள அரிசியை நெரப்பி, மேல கிளிப் பொம்மையைச் சொருகித் தலையில வச்சா, கையைத் தொடாம ஏணியேறுவா, பின்னால வளைஞ்சு கண் இமையால ஊசி எடுப்பா. அதுக்கு எட்டு வயசுல இருந்து அவ ஆத்தா அவளைக் கழுத்தொடியப் பழக்கியிருப்பா. காளியம்மன் பொங்கலுக்கு நையாண்டி மேளம் முழங்கினா, பம்பையும் உறுமியும் கேட்டு நீயும் ஒன் கூட்டாளிகளும் முன்னால ஓடி உக்காருவீக. ராத்திரி பத்து மணியானா, "கரகாட்டக்காரியைப் பொம்பளைப் புள்ளைக பாக்கப்படாது"ன்னு எங்க அக்கா ஒன் காதைத் திருகி இழுத்துட்டுப் போவா. இப்போ அதே ஆட்டத்துக்கு ஒன் மகளுக்குச் சீருடை தைக்கணும், அளவெடுக்க ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்காகளாம்.

தேவராட்டம் இங்கேதான் பக்கத்துல, கம்பளத்து நாயக்கமாரு ஊருகள்ல, பாட்டே கெடையாது, தேவதுந்துமி அடிக்க அடிக்கக் கால் மாறும். ஜமீன் கோடாங்கிபட்டிக்கு ஒரு டவுன் பஸ் போதும். அங்கே போயி ஒரு பெரியவரு காலுல விழுந்து கேட்டா சும்மாவே சொல்லித் தருவாரு. அதுல ஒரு சங்கடம், சர்ட்டிபிகேட் தர மாட்டாரு.

பறை இன்னும் வேடிக்கை. எங்க சின்ன வயசுல சாவுக்கும் சாமிக்கும் அடிக்க ஆள் விட்டுக் கூப்புடுவாக. அடிச்சவனுக்குத் தண்ணியைத் தூக்கித்தான் ஊத்துவாக, செம்பைக் கையில கொடுக்க மாட்டாக. திண்ணையில ஏத்த மாட்டாக. இப்போ அந்தத் திண்ணையை இடிச்சு மாடி கட்டி, மாடியில அதே அடியைக் காசு வாங்கிச் சொல்லித் தருதாக. மதுரைக்காரரு வேலு ஆசானுக்குப் பறைக்காகவே 2025ல பத்மஸ்ரீ கொடுத்தாக. காலம் கொஞ்சம் கூறோடதான் போவுது. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. அந்தப் பேக்கேஜுல பறை சொல்லித் தர்றவன் யாருன்னு வெசாரி. அந்த அடியிலயே பொறந்து வளந்த வீட்டுப் பையன்னா, பேரம் பேசாம ஃபீஸை முன்கூட்டியே கட்டிரு, அவன் பங்கு அவன் கைக்குப் போவுதான்னும் கேளு. மாஸ்டரே இதையும் வீடியோவுல பாத்துச் சொல்லித் தந்தாருன்னா, நம்ம ஊருல பறை அடிக்கிற பயலுகளைக் கூப்புடு, டீக்காசுக்கே வந்து காட்டுவானுக. டீயை மட்டும் நல்ல டம்ளர்ல கொடு.

ஃப்யூஷன்னா என்னன்னு கேக்கல. கேட்டா, அரைமண்டியில நின்னுக்கிட்டுத் தோளைக் குலுக்கிறதுன்னு சொல்லுவாக. செமி கிளாசிக்கல்னா சலங்கை கட்டிச் சினிமாப் பாட்டு. ஃப்ரீ ஸ்டைல்னு இருக்கிறதைப் பாத்துக் காசு கெடையாது போலன்னு ஏமாந்துராதே. அதுக்குத்தான் ஃபீஸு அதிகம்.

கடைசியில ஜும்பா. அந்த வரியைப் படிக்கும்போது ஒன் குரல் கொஞ்சம் எறங்குச்சு, கெழவனுக்குக் காது மந்தம்னு நெனச்சியாக்கும். ஒடம்பு கூடிப்போச்சுன்னு டவுனுல எல்லாரும் போறாகளாம், காலையில பத்தரைக்குப் பொம்பளைகளுக்கு மட்டும் ஒரு பேட்ச்சாம். "ஆட்டுரலும் அம்மியும் இருந்தா ஜும்பா எதுக்கு"ன்னு நான் சொல்லுவேன்னு எதிர்பாத்தே. சொல்ல மாட்டேன். ஒங்க அத்தை அரைச்சா, குத்துனா, எறைச்சா. மெலியவும் இல்ல, இருந்த இடுப்புதான் போச்சு. கொலம்பியா நாட்டுல காலின்னு ஒரு ஊரு, அங்கே பேத்தோ பெரஸுன்னு ஒரு வாத்தியாரு ஏரோபிக்ஸ் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்தாரு. ஒரு நாளு பாட்டு கேசட்டை வீட்டுலயே மறந்து வச்சுட்டு வந்துட்டாராம். வந்த பொம்பளைகளைத் திருப்பி அனுப்பாம, தன் பையில கெடந்த சல்சா, மெரெங்கே கேசட்டைப் போட்டு ஆட விட்டாரு. 1990கள்ல நடந்தது. இன்னைக்கு அந்தப் பேரு ஒரு கம்பெனி முத்திரை, சொல்லித் தரணும்னா லைசென்சு வாங்கணும். ஒங்க மாஸ்டருகிட்ட லைசென்சு இருக்கான்னு கேளு. இல்லன்னாலும் பாதகமில்ல, பேரை மாத்திப் போடச் சொல்லு, ஆட்டம் ஆட்டம்தான்.

நீ தலையைக் குனிஞ்சு மாவு பெசையாதே, இங்கே பாரு. அஞ்சாவது படிக்கிறப்போ முளைப்பாரிக் கும்மியில நடுவட்டத்துல நின்னு நீ சுத்தின சுத்து எனக்கு மறக்கல. பெரிய பொம்பளைகளே தாளத்துக்கு ஒன் கையைப் பாத்துத்தான் தட்டினாக. பெரியமனுசி ஆனதும் ஒங்கப்பன் வாசலைத் தாண்ட விடல. அவரு செஞ்சதை இப்போ பேசி என்ன, போயிச் சேந்துட்டாரு. ஆனா சின்னவளுக்குன்னு நோட்டீஸைக் கொண்டாந்திருக்கியே, அந்தப் புள்ளை ஒரு நாளாவது ஆடணும்னு கேட்டாளா? அவ செஸ்ஸு போர்டைக் கட்டிக்கிட்டு உறங்குதவ. பேனாவால வட்டம் போட்டிருக்கிறது பத்தரை மணி பேட்ச்சுக்கு.

போயிச் சேந்துக்கோ. அவளைச் செஸ்ஸுக்கு விட்டுரு, பெரியவனை அவன் இஷ்டத்துக்குத் தலைகீழா நிக்கட்டும். தூணுக்குப் பின்னால எடம் பிடி, யாரும் பாக்க மாட்டாக, நெனச்ச மாதிரி ஆடலாம். டைல்ஸு தரை, அதனால அடி மெத்துன்னு இருக்கிற ஷூ வாங்கிக்கோ, சேலையோட போகாதே, சுடிதாரு போதும். நோட்டீஸுல நாப்பது வரைக்கும்தான்னு போட்டிருக்கு, ஒனக்கு இன்னும் ரெண்டு வருசம் மிச்சம், வயசைக் கொறைச்சுச் சொல்லிப் பொய்யைத் தொடங்காதே. மொத மாசத்து ஃபீஸு நான் தாரேன், கெடாக்குட்டி வித்த காசு இடுப்புலயே கெடக்கு. மாப்ளை கேட்டாருன்னா மாமா சொன்னாருன்னு சொல்லிராதே, நாளைக்கு என்னைத் தெருவுல நிறுத்திக் கேள்வி கேப்பாரு. டாக்டர் எழுதிக் கொடுத்தாருன்னு சொல்லு. எந்த டாக்டர்னு கேட்டா, பல் டாக்டர்னு சொல்லு. அவரு குழம்பி முடிக்கிறதுக்குள்ள கிளாஸு முடிஞ்சிரும்.